புறம்போக்கு வாக்கியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குக் கீல் அடிக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. தினமும் காலை ஷிஃப்டுக்கு முன்னால் அதில் ‘இன்றைய சிந்தனை’ எழுத வேண்டும், கீழே அதைச் சொன்ன தலைவர் பெயரைப் போட வேண்டும், தொழிலாளிகள் அதைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். படித்தால் உற்பத்தி கூடும் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. கூடினதாகவும் தகவல் இல்லை. ஆனால் பலகை காலியாக இருந்தால் எச்.ஆர். மேனேஜர் மோகன்ராஜ் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

எழுதுகிறவன் தானியேல். ஸ்டோர்ஸில் பெட்டி தூக்குகிற கான்ட்ராக்ட் ஆள். சர்ச் வாசலில் ஞாயிற்றுக்கிழமை வசனப் பலகை எழுதிப் பழகிய கை என்பதால் எழுத்து முத்து முத்தாக விழும். அந்தக் கையில் ஒரு கோளாறும் உண்டு. வசனம் எழுதினால் கீழே அதிகாரமும் எண்ணும் போட்டாக வேண்டும், போடாவிட்டால் பாஸ்டர் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். சின்ன வயசிலிருந்தே அப்படிப் பழகியதால், எதை எழுதினாலும் அடியில் யார் பெயராவது இருந்தால்தான் தானியேலுக்கு மனசு ஆறும். பெயர் இல்லாத வாக்கியம் அவனுக்குச் சட்டை போடாத ஆள் மாதிரி.

தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் நாலாம் நம்பர் மிஷினில் கல்பனாவின் விரல் போனதற்கு மறுநாள்தான் வினை ஆரம்பித்தது. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்க அதில் ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி மிஷினை நிறுத்துகிறது, டார்கெட் அடிபடுகிறது என்று அதன் ஒயரைக் கழற்றி, அழகாக மடித்து, டேப் சுற்றிச் செருகி வைத்திருந்தார்கள். அடுத்த மிஷினில் நின்றுகொண்டிருந்தவள் தானியேலின் பெண்டாட்டி ஏஞ்சல். கல்பனாவைத் தூக்கி வண்டியில் ஏற்றியவளும் அவள்தான். வீட்டுக்கு வந்து சோறு பிசையக் கையை எடுத்தவள், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் தானியேல் பலகை முன்னால் நின்றான். அன்றைக்கு எழுத வேண்டியது என்று மோகன்ராஜ் அனுப்பியிருந்தது, சிரித்த முகத்தோடு உழைப்பது பற்றி ஒரு தலைவர் சொன்னது. எழுத வரவில்லை. சாக்பீஸை அழுத்திப் பிடித்துத் தன் மனசில் வந்ததை எழுதினான்.

‘உழைப்பவர் விரலை விடப் பெரிய உற்பத்தி எதுவும் இல்லை.’

எழுதியாயிற்று, கை இறங்கவில்லை. அடியில் காலியாக இருந்தது. எதிரே கேட்டருகில் மாலை போட்ட படம் ஒன்று, அன்றைக்குப் பிறந்தநாள் காணும் மறைந்த தலைவருடையது. பழக்கதோஷத்தில் அந்தப் பெயரைப் போட்டுவிட்டான். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கதைக்கும் மூலப்பத்திரம் கேட்டு ஆள் வரும்.

பிறந்தநாள் விழாவுக்கு முதலாளி வந்தார். விருந்தாளிகள் வந்தார்கள், நாலு கேமராவும் வந்தது. பேச ஒன்றும் கையில் இல்லாத முதலாளி பலகையைப் பார்த்தார், உணர்ச்சிவசப்பட்டார், உரக்கப் படித்தார். “தலைவரின் இந்த ஒரு வரிதான் நம்ம கம்பெனியின் உயிர்!” என்றார். கைதட்டல் அடங்கும் முன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஏஞ்சல் குரல் கொடுத்தாள்.

“அப்போ நாலாம் நம்பரு சென்சார் ஒயர மாட்டிருவீங்களா சார்?”

தலைவர் படத்தின் முன்னால், கேமரா முன்னால், ஒரு மனிதன் வேறு என்ன சொல்ல முடியும்? மத்தியானமே ஒயர் மாட்டப்பட்டது. பலகையிலிருந்து அந்த வரியை அழிக்கக் கூடாது என்றும் உத்தரவானது. எத்தனையோ மனு கொடுத்தும் நடக்காதது ஒரு சாக்பீஸ் வரியில் நடந்துவிட்டது. தானியேல் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஏஞ்சலிடம் மட்டும் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“யோவ், நீ சொன்னா நாய் கூட திரும்பிப் பாக்காது. பெரிய மனுசன் பேரப் போட்டதும் மொதலாளியே மாட்றான் பாரு!”

மிஷின் நின்று நின்று ஓடியது. டார்கெட் குறைந்தது. மோகன்ராஜுக்குத் தூக்கம் போயிற்று. தலைவர் சொன்னதை எதிர்த்து அவர் எப்படிப் பேசுவார்? ஆனால் தலைவர் சொன்னாரா என்று சந்தேகப்படலாம். அதற்கென்றே திருவள்ளூரில் ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். தலைவர்கள் பொன்மொழி மெய்ச்சான்று வாரியம், மாவட்டக் கிளை. மோகன்ராஜ் அங்கே ஓர் ஐயப்பாட்டு மனுவைத் தட்டிவிட்டார்.

இந்த வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரியத்துக்குத் தனியாக ஆள் எடுக்கவில்லை. நிலம் பார்த்துக்கொண்டிருந்த வருவாய்த் துறைக்காரர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பட்டா, சிட்டா, வில்லங்கம். நிலம் போய் வாக்கியம் வந்ததே தவிர, முத்திரையும் மையும் மாறவில்லை. ஒரு பொன்மொழிக்கு இரண்டு கட்சிகள் உரிமை கொண்டாடினால் கூட்டுப் பட்டா போட்டுக் கொடுத்தார்கள். சான்று இல்லாமல் ஒரு பொன்மொழியைக் கடை போர்டில் எழுதிவைத்த திருப்பாச்சூர் டீக்கடைக்காரருக்கு நோட்டீஸ் போனது. அன்றிலிருந்து அவர் பேசுவதையே விட்டுவிட்டார். எந்த வார்த்தை யாருடையதோ என்று பயம். டீ வேண்டுமானால் விரலைக் காட்ட வேண்டும்.

மாவட்ட அலுவலர் துளசிராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். சாந்தமான மனிதர், யாரையும் அதட்ட மாட்டார். கூடவே சர்வேயர் அன்புராஜ், தோளில் அளவுச் சங்கிலி.

“வாக்கியத்துக்கு நான்கெல்லை சொல்லுங்க,” என்றார் துளசிராமன்.

தானியேல் முழித்தான். மோகன்ராஜ் எடுத்துக் கொடுத்தார். வடக்கே டைம் ஆபீஸ், தெற்கே சைக்கிள் ஸ்டாண்டு, கிழக்கே ரோடு, மேற்கே கக்கூஸ். அன்புராஜ் ‘உழைப்பவர்’ தொடங்கி ‘இல்லை’ வரை சங்கிலி பிடித்தார்.

“ஐயா, நீளம் கொஞ்சம் கூடுதலா வருது.”

“எழுதிக்க. தலைவர் இவ்வளவு நீளத்துக்குப் பேசியிருக்க வாய்ப்பு குறைவு.” துளசிராமன் தானியேல் பக்கம் திரும்பினார். “தம்பி, மூலப்பத்திரம் எங்க?”

“எதுக்கு சார்?”

“வாக்கியத்துக்குத்தான். இது எந்தப் பேச்சிலேருந்து பிரிஞ்சு வந்தது? எந்த ஊரு, எந்த மேடை? அங்கேருந்து யார் யார் வாய் வழியா கைமாறி உங்ககிட்ட வந்து சேர்ந்தது? நடுவுல வில்லங்கம் இருக்கான்னு பார்க்கணும் இல்லையா?”

“வாட்ஸப்ல வந்துச்சு சார்,” என்றான் தானியேல்.

“அனுப்பினவர்?”

தானியேல் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டான். துளசிராமன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பலகையைக் கறுப்புத் துணியால் மூடி, அரக்கு வைத்து, பக்கத்தில் ஒரு காவல்காரனை நிறுத்தினார்கள். பிறகு துளசிராமன் இடைக்கால உத்தரவை வாசித்தார். விசாரணை முடியும்வரை அந்த வாக்கியத்தை யாரும் வாயால் சொல்லக் கூடாது. அதை நம்பிச் செய்த எதுவும் செல்லாது. எல்லாம் முன்பு இருந்த நிலைக்கே திரும்ப வேண்டும்.

ஜீப் சிப்காட் ரோட்டைத் தாண்டுவதற்குள் சென்சார் ஒயர் முன்பு இருந்த நிலைக்குத் திரும்பியது.

சாயங்காலம் ஏஞ்சல் வந்து பையைத் தரையில் வைத்தாள்.

“ஒயர கயட்டி, டேப்பு சுத்தி, பயயபடி சொருவிட்டாங்கய்யா. என்ன இன்னிக்கி அந்த மிஷினாண்டயே நிக்க வச்சிட்டானுங்க.”

“நீ வேற மிஷினு கேக்க வேண்டிதானமே?”

“கேக்காம இருப்பனா? கூட்டத்துல வாயத் தொறந்தவ அங்கதான் நிக்கணுமாம். சூப்பர்வைசரு சொல்லிக்கினே சிரிக்கிறான்.” பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள். “பிரஸ்ஸு எறங்கும்போதுலாம் பக்குனுதுய்யா. கைய எடுத்துட்டனான்னு ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சி பாத்துக்குறேன்.”

“வேலைய உட்டுரு.”

“உட்டுட்டு? எதுத்த கம்பெனில மட்டும் ஒயர மாட்டி வச்சிக்கினு எனுக்காவ காத்துனு கீறானா?”

தானியேலுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. தன் கை சும்மா இருந்திருக்கலாம் என்று நினைத்தான். சும்மா இருந்தாலும் மிஷின் சும்மா இருக்காதே என்றும் நினைத்தான்.

திருவள்ளூர் அலுவலகத்தில் விசாரணை நாள். கூடம் நிறைய ஜனம், ஆனால் யாரும் யாருடனும் பேசவில்லை. சுவரில் ‘இங்கு உரையாட வேண்டாம், உரையாடினால் மூலம் குறிப்பிடவும்’ என்று எழுதியிருந்தது. முதலில் ஒரு பிரியாணிக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். ‘வயிறு நிறைந்தவனே நாட்டை நேசிப்பான்’ என்று தலைவர் சொன்னதாக அவர் கடை வாசலில் ரொம்ப நாளாகத் தொங்குகிறது.

“தலைவர் சொன்னாரா?”

“நம்ம பெயின்டர் சொன்னாரு ஐயா. ஆனா இத்தினி வருசமா ஒருத்தரும் தப்புன்னு சொல்லல.”

“ஆட்சேபணை இல்லாம நீண்ட காலம் அனுபவிச்சிருக்கீங்க. அனுபவ பாத்தியதை வந்தாச்சு. தலைவர் சொன்னதே.” முத்திரை விழுந்தது.

அடுத்து ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், துணியில் சுற்றிய டேப்ரெக்கார்டரோடு வந்தார். தலைவர் அவர் ஊருக்கு வந்து பேசியதை அவரே பதிவு செய்து வைத்திருந்தார். போட்டுக் காட்டினார். தலைவரின் குரல் கணீரென்று வந்தது. கூடத்தில் சிலர் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் துளசிராமன். “ஆனா இது ஓசை, ஆவணம் இல்ல. நான்தான் பேசினேன்னு தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரா? இல்ல. எங்க பதிவேட்டுல இந்தப் பேச்சு இருக்கா? அதுவும் இல்ல. அப்ப தலைவர் இதைப் பேசல. பெட்டியை இங்கயே வச்சுட்டுப் போங்க.”

பெரியவர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். இரண்டு பேர் வந்து கையை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டார்கள்.

அடுத்து தானியேல் பெயரைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பக்கம் மோகன்ராஜ், இஸ்திரி கலையாத சட்டையில். வாட்ஸப் கதையை இனி இழுக்க முடியாது என்று தானியேலுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மனிதர்கள்தானே, இரக்கப்பட மாட்டார்களா என்று நினைத்தான். பாவம்.

“சார், அத தலைவரு சொல்லல. நான்தான் எழுதுனேன், என் சொந்த வார்த்த. கூட வேல செஞ்ச பொண்ணுக்கு விரலு பூட்ச்சி. இப்ப என் சம்சாரம் அதே மிஷினாண்ட நிக்கிது. அந்த ஒயர மட்டும் மாட்டச் சொல்லுங்க சார், என்ன இன்னா வோணா பண்ணுங்க.”

தட்டச்சு நின்றது. துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, உண்மையா பொய்யான்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல. யாருதுன்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. நீங்க சொன்னதுன்னா அது பொன்மொழி இல்ல, பேச்சு. பேச்சுக்கெல்லாம் நாங்க பட்டா கொடுக்க ஆரம்பிச்சா நாடு தாங்குமா? முன்னாடி நான் நிலம் பார்த்தேன். நிலம் ரொம்பத் தொல்லை பிடிச்ச சமாச்சாரம். நாம இல்லைன்னு எழுதினாலும் போய்ப் பார்த்தா அங்கயே கிடக்கும். வாக்கியம் அப்படி இல்ல. நாங்க இல்லைன்னா இல்ல. இந்த வேலையிலதான் எனக்கு ஒரு நிம்மதி கிடைச்சது.”

“அதுல எழுதியிருக்கிறது சரிதான சார்? விரலு பெரிசா, உற்பத்தி பெரிசா? அத மட்டுமாச்சும் சொல்லுங்க.”

“அது கொள்கை முடிவு. எங்க வரம்புக்குள்ள வராது,” என்றார் துளசிராமன் அன்பாக. “உரிமையாளர் இல்லாத வாக்கியம் புறம்போக்கு. அதுல நீங்க செஞ்சது ஆக்கிரமிப்பு. அகற்ற உத்தரவிடறேன்.”

ஆக்கிரமிப்பை அகற்றுவது என்றால் ஜே.சி.பி. வர வேண்டும் என்பது விதி. வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஜனத்தை ஒதுக்கினார்கள். ஜே.சி.பி. கரும்பலகைக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்க, அதன் நிழலில் ஓர் ஊழியர் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். மறுநாளிலிருந்து கேட்டில் ஒவ்வொருவரும் ‘எனக்கு அந்த வாக்கியம் தெரியாது’ என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும் என்றானது. ஏஞ்சலும் சொன்னாள். சொல்லிவிட்டு நாலாம் நம்பர் மிஷினுக்குப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின.

ஆஸ்பத்திரியில் தானியேல் அழவில்லை. கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மோகன்ராஜ் ஆப்பிளோடு வந்தார். முகத்தில் புதுசாக ஒரு மரியாதை.

“தானியேல், உனக்கு நல்ல செய்தி. வாரியத்துல நான் மறுஆய்வு கேட்டிருக்கேன். அந்த வாக்கியம் தலைவருதுதான்னு கம்பெனியே இப்ப உறுதியா நம்புது.”

தானியேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏஞ்சலுக்குப் புரிந்தது.

“வக்கீலு சொன்னானா?” என்று கேட்டாள் படுத்தபடியே.

மோகன்ராஜ் ஆப்பிளைக் கட்டிலோரம் வைத்தார். விஷயம் இதுதான். பெரிய தலைவரின் எச்சரிக்கையை வாசலில் எழுதிவைத்தது கம்பெனி. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனவள் கையை நீட்டினால் கம்பெனி என்ன செய்யும்? விபத்தன்று பலகை துடைத்துக் கிடந்தது வக்கீலுக்கு ஒரு பொருட்டில்லை. தானியேல் எழுதியது என்றால் அது வெறும் கிறுக்கல். தலைவர் சொன்னது என்றால் அது எச்சரிக்கை, மீறியவளுக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே வாரியத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இருவரும் திருவள்ளூருக்குப் போனார்கள். துளசிராமன் எழுந்து நின்று ஏஞ்சலுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“மறுஆய்வுல பார்த்தோம் அம்மா. முதலாளியே பொதுமேடையில தலைவர் வாக்குன்னு அறிவிச்சிருக்கார், நிறைய பேர் கைதட்டி ஏத்துக்கிட்டிருக்காங்க. அனுபவ பாத்தியதை கிட்டத்தட்ட வந்தாச்சு. ஒரு சாட்சி மட்டும் குறையுது. தினமும் அதைப் படிச்சு, புரிஞ்சுக்கிட்டுத்தான் உள்ள போனேன்னு நீங்க ரேகை வச்சாப் போதும்.”

மேசையில் ரேகை மிஷின் பச்சையாக மின்னியது. ஏஞ்சல் வலது கையை முந்தானைக்குள் இருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடத்தில் யாரோ இருமினார்கள். துளசிராமன் அந்தக் கையைப் பார்த்தார், ஒரு நொடி பார்வையை விலக்கினார்.

“பரவாயில்ல அம்மா. இடது கை இருக்கே.”

“சார், என் சம்சாரம் மேலயே தப்புன்னு அவ கையாலயே எழுதி வாங்குறீங்களா?” தானியேல் ரேகை மிஷினைக் கையால் மறைத்தான். “அன்னிக்கி நான் கத்துனனே, என்துன்னு. கேட்டீங்களா?”

“தம்பி, தலைவர் வாக்கை உங்க வாக்குன்னு சொன்னதுக்கு உங்க மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். துக்கத்துல இருக்கீங்கன்னு விட்டுட்டேன்.”

ஏஞ்சல் இருவரையும் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற மோகன்ராஜைப் பார்த்தாள்.

“இப்ப அந்த மிஷினாண்ட யாரு நிக்கிறாங்க?”

“புதுப் பொண்ணு. கிரேஸ்னு. ரெண்டாவது ஷிஃப்டு.”

“ஒயரு?”

“வாக்கியம் உறுதியானா மாட்டித்தான் ஆகணும். தலைவர் சொன்னதாச்சே. இல்லைன்னா எந்த அடிப்படையில மாட்டுறது?”

தானியேல் அவள் தோளைப் பிடித்தான். “வாணாம் ஏஞ்சலு. வச்சா நஷ்டஈடும் இல்ல, ஒண்ணுமில்ல. வா, போலாம்.”

“வைக்கலன்னா வாக்கியம் புறம்போக்காவே இருக்கும்,” என்றார் துளசிராமன், ஒரு தகவலுக்காக.

ஏஞ்சல் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். அந்தக் கிரேஸ் யார் என்று கூட அவளுக்குத் தெரியாது. பிறகு இடது கட்டைவிரலைக் கொண்டுபோய் மிஷின்மேல் அழுத்தினாள். “உங்க வாய்ல புழு வைக்க,” என்றாள், யாரைச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மிஷின் ‘நன்றி’ என்றது.

துளசிராமன் எழுந்து கைகுலுக்க வந்து, யோசித்து, கும்பிட்டார். “தலைவர் சொன்னதே. வாழ்த்துகள் அம்மா.”

“ஒயர இப்பவே மாட்டச் சொல்லுங்க சார். போன் போடுங்க,” என்றாள் ஏஞ்சல் மோகன்ராஜிடம்.

“உத்தரவு நகல் கைக்கு வரணும் இல்ல? வாய்ச்சொல்லை நம்பி மிஷின்ல கை வைக்க முடியுமா?”

“நகல் சென்னைக்குக் கையெழுத்துக்குப் போகணும்,” என்றார் துளசிராமன். “போட வேண்டியவர் லீவுல இருக்கார். வந்ததும் முதல் வேலை இதுதான்.”

ஏஞ்சல் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் தானியேலிடமிருந்து போனைப் பிடுங்கிப் பிரஸ் ஷாப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் ஏறினால் எல்லார் போனும் லாக்கரில்.

“நடய்யா. நேரா கம்பெனிக்கிப் போறோம். அந்தப் பொண்ண மிஷினாண்டருந்து நானே இஸ்துக்கினு வந்துடுறேன்.”

“உள்ள உடுவானுங்களா?”

“உடலன்னா கேட்டாண்டயே கத்துறேன். எவன் பேரும் போடாம, என் வாயாலயே கத்துறேன்.”

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போக, சென்னைக்குள் போய் மறுபடி வடக்கே ஏற வேண்டும். மின்சார ரயில் ஆவடி தாண்டியது, வில்லிவாக்கம் தாண்டியது. பேசின் பிரிட்ஜுக்கு முன்னால், பாலத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. சிக்னல் சிவப்பு. பெட்டியில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சல் உட்காரவில்லை. வாசல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, “போயேன், போயேன்” என்று ரயிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரெண்டாவது ஷிஃப்ட் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.